ஒளியிழையா, லென்ஸா? எக்ஸ்-கதிர் கேமரா வாங்கிய அனுபவம்

எங்கள் மைக்ரோ சிடி கருவிக்கு (சிறு மாதிரியைப் பல கோணங்களில் எக்ஸ்-கதிரால் படமெடுத்து, முப்பரிமாணப் படமாக்கும் கருவி) புதுக் கேமரா எடுக்க வேண்டி வந்தபோது, கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு. ஒன்று, சென்சாரின் மேல் ஒளியிழைத் தட்டும் (ஒளியைக் கடத்தும் நுண்ணிழைகளின் கட்டு) அதன்மேல் சிண்டிலேட்டரும் (எக்ஸ்-கதிரைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் படலம்) ஒட்டிய குளிரூட்டிய சிசிடி, அதாவது பழைய வகைப் பட சென்சார். இன்னொன்றில் சிண்டிலேட்டர் தனி. 45 டிகிரி சாய்ந்த கண்ணாடி, லென்ஸ், அதற்கப்புறம் குளிரூட்டிய எஸ்சிமாஸ், அதாவது வேகமாக வாசிக்கும் புதிய வகை சென்சார். இரண்டாவதை எடுத்தோம். மூன்று வருடமாக ஓடுகிறது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், எல்லோருக்கும் இல்லாவிட்டாலும்.

குளிரூட்டலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டிலும் பெல்டியர்தான், அதாவது மின்சாரத்தால் குளிரூட்டும் தகடு. சென்சார் ஏறக்குறைய 6, 7 டிகிரி குளிரும்போதெல்லாம் இருட்டு மின்னோட்டம் (ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் சென்சாரில் சேரும் எலக்ட்ரான்கள்) பாதியாகிவிடும். ஒரு பிரேமுக்கு ஒரு நொடிதான் என்றால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலே போதும். நிமிடக்கணக்கில் திறந்து வைப்பவர்களுக்குத்தான் மைனஸ் 60, 70 எல்லாம். வேகத்தில் எஸ்சிமாஸுக்குத்தான் வெற்றி: சிசிடி குறைந்த இரைச்சலில் ஒரு முழுப் படத்தை வாசித்து முடிக்க நொடிக்கணக்கில் ஆகும். எஸ்சிமாஸ் 1, 2 எலக்ட்ரான் இரைச்சலோடு நொடிக்குப் பல பிரேம் தரும். ஒரு மாதிரிக்கு 1,500 கோணம் எடுப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒளியைச் சேர்ப்பதில் ஒளியிழைதான் ஜெயிக்கிறது. எஃப் 1.4 என்ற அகலத் திறப்புள்ள லென்ஸை ஒன்றுக்கு ஒன்று அளவில் (சென்சாரில் படம் அசல் அளவிலேயே விழும்படி) வைத்தால், சிண்டிலேட்டர் விடும் ஒளியில் 3 சதவீதம்தான் சென்சாருக்கு வரும். படத்தைச் சுருக்கினால் இன்னும் குறையும். ஒளியிழைத் தட்டில் இதைப்போலப் பல மடங்கு. எங்கள் மாதிரிகள் பாறைத் துண்டுகள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கதிரில் நிற்கும். உயிருள்ள மாதிரி, அது வாங்கும் கதிர் அளவுக்கு வரம்பு என்றால் நானும் ஒளியிழையைத்தான் எடுத்திருப்பேன். உள்ளே வந்த ஒரு எக்ஸ்-கதிர் ஃபோட்டானுக்கு (கதிரின் ஒரு துகள்) சென்சாரில் ஒரு எலக்ட்ரான்கூடத் தேறாமல் போனால், அப்படித் தொலைந்ததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

எங்களை லென்ஸ் பக்கம் தள்ளியது பராமரிப்பு. ஒளியிழை அமைப்பில் சென்சார் கதிரின் பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தட்டு கொஞ்சம் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. சென்சாரின் சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்க 3.65 எலக்ட்ரான் வோல்ட் போதும். 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று நேராகச் சென்சாரில் விழுந்தால் சுமார் 5,500 எலக்ட்ரான், படத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை வடிகட்டிவிடலாம். உள்ளே சேர்ந்துகொண்டே போகும் சேதத்தை என்ன செய்வது? எங்கள் பழைய ஒளியிழைக் கேமராவில் ஐந்தாம் வருடம் கதிரை அணைத்துவிட்டு ஒரு டார்க் பிரேம் எடுத்தேன். மாதிரி நிற்கும் நடுப்பட்டை மட்டும் சுத்தமாக இருந்தது. இரு ஓரமும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஐந்து வருடமாக மாதிரிகளின் நிழல் காத்த இடம் மட்டும் பிழைத்திருந்தது.

அதே வருடம் யாரோ இடுக்கியால் சிண்டிலேட்டரைக் கீறிவிட்டார்கள். ஒட்டிய பொருள் என்பதால் கேமராவையே பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று, மாதக்கணக்கில் வேலை நின்றது. இப்போதைய அமைப்பில் சிண்டிலேட்டர் நாலு திருகில் நிற்கிறது. மாற்றி, ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பியை வைத்து ஃபோகஸ் சரிபார்க்க அரை மணி நேரம். சாய்ந்த கண்ணாடி ஒளியை மட்டும் பக்கவாட்டில் திருப்புகிறது, எக்ஸ்-கதிர் அதை ஊடுருவி நேராக ஈயத்தில் போய் முடிகிறது. சிதறிவரும் கதிரால் லென்ஸ் பழுப்பேறாமலிருக்க முன்னால் ஓர் ஈயக் கண்ணாடி. நாளைக்கு நல்ல சென்சார் வந்தால் கேமராவை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

தொல்லை இல்லாமல் இல்லை. அறை வெப்பநிலை மாறினால் ஃபோகஸ் நகர்கிறது. ஒருமுறை படங்களின் ஒரு மூலை மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. கேபிள் நுழையும் துளையில் வெளிச்சம் கசிந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கறுப்புத் துணியைத் திணித்த பிறகுதான் சரியானது.

ஓர் எச்சரிக்கை: இதெல்லாம் ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ்-கதிருக்கு. சில நூறு எலக்ட்ரான் வோல்ட் அளவிலான மென் கதிருக்குச் சிண்டிலேட்டரே இல்லாமல், வெற்றிடத்துக்குள் வைக்கும் திறந்த சிசிடி வேண்டும். அதைப் பிறர் இயக்கப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. வெற்றிட அறைக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த பொருள் சென்சார்தான் என்பதால் ஈரமும் எண்ணெய் ஆவியும் அதன்மேல்தான் படியும். உள்ளே காற்றை விடும் முன் அவர்கள் குளிரூட்டலை நிறுத்தி, சென்சார் அறை வெப்பத்துக்கு வரும்வரை வால்வைத் தொடவே இல்லை.