சந்தைத் தளமா, சொந்தக் கடையா, இன்ஸ்டாகிராமா? ஆன்லைன் விற்பனையை எங்கே தொடங்குவது

ஆன்லைனில் பொருள் விற்றுப் பிழைக்கலாம் என்று முடிவெடுத்தவர் முன்னால் ஏறக்குறைய நான்கு வழிகள் இருக்கின்றன. அமேசான், ஈபே, எட்ஸி போன்ற சந்தைத் தளத்தில் விற்கலாம். ஷாப்பிஃபை அல்லது வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருளை வைத்துச் சொந்தக் கடை போடலாம். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக நேரடியாக விற்கலாம். கையில் சரக்கே இல்லாமல் டிராப்ஷிப்பிங் செய்யலாம். நான்கிலும் நன்றாகச் சம்பாதிப்பவர்களும் உண்டு, கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. அதனால் "எதில் லாபம் அதிகம்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். தொழில் தெரியாத ஒருவருக்கு எது குறைந்த செலவில், சீக்கிரமாகத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் என்று பார்ப்பது அதைவிட உபயோகம். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் சில மாதங்களுக்குச் சந்தைத் தளம், வாங்கியவர்கள் திரும்பி வரும் அறிகுறி தெரிந்ததும் சொந்தக் கடை. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்தான்.

கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடம்

அமேசான் 1995-இல் புத்தகக் கடையாகத்தான் திறந்தது. 2000-இல் வெளியாட்களும் தன் தளத்தில் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இன்று அங்கே விற்பனையாகும் பொருட்களில் 60 சதவீதத்துக்கும் மேல் இப்படிப்பட்ட வெளி விற்பனையாளர்களுடையவை. புதியவருக்கு இதில் என்ன லாபம் என்றால், வாங்கும் எண்ணத்தோடு வருகிற கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. தளத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கையும் இருக்கிறது. பணம் வாங்குவது, ரசீது கொடுப்பது என்று தலைவலி பிடித்த வேலைகளில் பாதியைத் தளமே பார்த்துக்கொள்கிறது.

ஆனால் நான் சந்தைத் தளத்தைச் சிபாரிசு செய்யக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. சந்தை ஆராய்ச்சி அங்கே இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. முதுகுப்பை விற்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடும் பத்து முதுகுப்பைகளை எடுத்து, அவற்றுக்கு வந்த இரண்டு, மூன்று நட்சத்திர ரிவ்யூக்களை மட்டும் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் "சூப்பர்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் பாதி நேரம் கூரியர் பையன்மேல் கோபமாக இருப்பார். நடுவில் இருப்பவர்தான் விஷயத்தைச் சொல்வார்: ஜிப் சீக்கிரம் போய்விட்டது, தண்ணீர் பாட்டில் பக்கவாட்டுப் பையில் நிற்கவில்லை, 15 அங்குல லேப்டாப் என்று போட்டிருந்தாலும் 14 தான் நுழைகிறது. எந்தச் சரக்கை எடுக்க வேண்டும், மொத்த வியாபாரியிடம் என்ன கேட்க வேண்டும், பொருளின் விவரத்தில் எதை முதல் வரியில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்த ரிவ்யூக்களிலேயே கிடைத்துவிடும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். எந்த நாட்டில், எந்தப் பணத்தில் விற்றாலும் பொருந்தட்டும் என்பதற்காக விற்பனை விலையை 100 அலகு என்று வைக்கிறேன். பொருளின் கொள்முதல் 35. அமேசானின் கமிஷன் பெரும்பாலான பிரிவுகளில் 8 முதல் 15 சதவீதம் வரை வரும், 15 என்றே வைப்போம். பேக்கிங்கும் டெலிவரியும் சேர்த்து 17. தளத்துக்குள்ளேயே கொடுக்கும் விளம்பரம் 10. மொத்தம் 77, மீதி 23. புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கால்குலேட்டரை மூடிவிடுகிறார்கள்.

பத்து ஆர்டரில் ஒன்று திரும்பி வருகிறது என்றால் என்ன ஆகும்? கமிஷன் முழுதாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த ஓர் ஆர்டருக்குப் போட்ட 17-ம் விளம்பரத்தின் 10-ம் போனது போனதுதான். திரும்ப எடுத்துவரும் கூரியருக்கு 15. வந்த பொருள் மறுபடி விற்க முடியாத நிலையில் இருந்தால் அதன் 35-ம் நஷ்டக் கணக்கில். ஆக 77 காலி. மற்ற ஒன்பதில் கிடைத்தது 207. கழித்தால் மிச்சம் 130. அதாவது ஓர் ஆர்டருக்கு 23 என்று நினைத்த லாபம் உண்மையில் 13. பத்துக்கு இரண்டு திரும்பினால்? வெறும் 3. வரி இன்னும் கழிக்கப்படவில்லை. அளவு பொருந்தாமல் திரும்பி வரும் துணி, செருப்பு போன்றவற்றை முதல் சரக்காக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இந்த 3-ஐப் பார்த்துத்தான்.

டெலிவரிச் செலவிலும் ஒரு பொறி இருக்கிறது. கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலாக உள்ள கணக்கு. ஒரு கிலோகூட இல்லாத தலையணையை 40, 30, 20 செ.மீ. பெட்டியில் அனுப்பினால் 24,000 வகுத்தல் 5,000, அதாவது 4.8 கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே கையில் ஒரு அளவுநாடா இருக்கட்டும்.

விவரம் எழுதுவதற்கு ஈபேயின் முதல் விற்பனையே நல்ல பாடம். 1995-இல் பியர் ஒமிடியார் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விலைபோனது உடைந்த லேசர் பாயின்டர். அது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். உடைந்த பாயின்டர்களைச் சேகரிப்பவர் நான் என்று பதில் வந்ததாம். குறையை மறைக்காமல் எழுதினால் விற்பனை குறையும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மறைத்து விற்றதன் விலை என்ன என்பது மேலே போட்ட ரிட்டர்ன் கணக்கில் இருக்கிறது.

சந்தைத் தளத்தின் கெட்ட பக்கமும் பெரியதுதான். விதி மீறல் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் கணக்கு முடங்கிவிடும். விளக்கம் கொடுத்து மீட்பதற்குள் சீசனே போய்விடலாம். வாங்கியவர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, தளத்தின் வாடிக்கையாளர். விற்ற பணமும் உடனே கைக்கு வராது, ஓரிரு வாரம் நிறுத்திவைத்துத்தான் கொடுப்பார்கள். அதற்குள் அடுத்த சரக்குக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கும். கட்டணத்தை ஏற்றுவதும் அவர்கள் இஷ்டம். எட்ஸி 2022 ஏப்ரலில் தன் பங்கை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். உயர்ந்த கட்டணம் அப்படியேதான் நின்றது.

சொந்தக் கடை: இரண்டாவது ஆர்டரின் கணக்கு

ஷாப்பிஃபை பிறந்த கதையே ஒரு விற்பனையாளரின் எரிச்சல்தான். கனடாவில் டோபியாஸ் லுட்கே பனிச்சறுக்குப் பலகை விற்க 2004-இல் ஓர் ஆன்லைன் கடை போட்டார். கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தானே எழுதினார். பலகையைவிட மென்பொருளுக்குத்தான் மவுசு என்று தெரிந்ததும் 2006-இல் அதையே வியாபாரமாக்கிவிட்டார். இன்று அதன் புண்ணியத்தில் ஒரு வாரக்கடைசியில் அழகான கடையைத் திறந்துவிடலாம். வூகாமர்ஸ் என்றால் மென்பொருளே இலவசம், கடையை வைக்கும் இணைய இடத்துக்கும் பராமரிப்புக்கும்தான் செலவு.

திறந்தாயிற்று, யார் வருவார்கள்? யாரும் வரமாட்டார்கள். விளம்பரம் கொடுத்து அழைத்துவர வேண்டும். ஒரு கிளிக்குக்கு அரை அலகு செலவு, ஐம்பது கிளிக்குக்கு ஓர் ஆர்டர் என்று வைத்தால் ஓர் ஆர்டரைப் பிடிக்க 25 ஆகிறது. வந்தவர்களிலும் பலர் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அப்படியே போய்விடுவார்கள். பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இப்படி விட்டுப்போவது சராசரியாக 70 சதவீதம். விளம்பரமும் முன்புபோல மலிவாக இலக்கைத் தொடுவதில்லை. ஐபோனில் ஆப்கள் நம்மைப் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் 2021 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. அதனால் அடுத்த ஆண்டில் மட்டும் 1,000 கோடி டாலர் அளவுக்கு விளம்பர வருமானம் பாதிக்கப்படும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், மாதம் சின்னத் தொகை போடும் கடைக்காரர் எம்மாத்திரம்.

அதே பொருளுக்கு அதே 100-ஐ இங்கே போட்டுப் பாருங்கள். கொள்முதல் 35, பேக்கிங்கும் டெலிவரியும் 17, பணம் வாங்கித்தரும் நிறுவனத்துக்கு 3, விளம்பரம் 25. மிச்சம் 20. சந்தைத் தளத்தின் 23-ஐவிடக் குறைவு. கமிஷன் மிச்சம் என்று சொந்தக் கடைக்கு ஓடிவருபவர்கள் இடறுவது இங்கேதான். அந்தக் கமிஷன் விளம்பரச் செலவாக உருமாறி வேறு வாசலில் நிற்கிறது.

ஆனால் அதே ஆள் இரண்டு மாதம் கழித்து, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்துத் தானாக வந்து வாங்கினால்? அந்த 25 இல்லை. மிச்சம் 45. சந்தைத் தளத்தில் விளம்பரமே இல்லாமல் விற்றாலும் 33-க்கு மேல் போகாது. சொந்தக் கடையின் லாபம் முழுவதும் இரண்டாவது, மூன்றாவது ஆர்டரில்தான் இருக்கிறது. அதனால் தீர்ந்துபோகும் பொருளா, ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் வரும் பொருளா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. சோப்பு, பிரிண்டர் மை, தையல் நூல் விற்பவருக்குச் சொந்தக் கடை சீக்கிரமே கட்டுபடியாகும். சுவர்க் கடிகாரம் மட்டும் விற்பவர் ஒவ்வொரு மாதமும் புது ஆளைத் தேடி 25 செலவழித்துக்கொண்டே இருப்பார். அவர் சந்தைத் தளத்திலேயே இருந்துவிடுவது நல்லது. அப்புறம் ஓர் எச்சரிக்கை: சந்தைத் தளத்தில் வாங்கியவர்களின் முகவரியை எடுத்து உங்கள் கடைக்கு இழுப்பதைப் பெரும்பாலான தளங்கள் தடைசெய்திருக்கின்றன. கணக்கு முடங்க அது போதும்.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்

செலவில்லாமல் தொடங்க இதைவிட எளிய வழி இல்லை. வாட்ஸ்அப் 2018-இல் சிறு வியாபாரிகளுக்கென்றே தனி ஆப் கொண்டுவந்தது, பொருட்களைப் பட்டியல் போட்டுக் காட்டவும் அதில் வசதி உண்டு. கையால் செய்தவை, ஒன்றே ஒன்று இருப்பவை, அளவு சொல்லித் தைத்துக் கொடுப்பவை என்றால் இந்த வழி நன்றாகவே பொருந்தும். வாங்குபவரோடு நேரடியாகப் பேசுவதால், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது அவர்கள் வாயிலிருந்தே தெரியும். ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்தால் அதற்கான பதில் விவரத்தில் இல்லை என்று அர்த்தம்.

சிக்கல் நேரம்தான். "விலை என்ன?", "வேறு கலர் இருக்கா?", "கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று இருபது செய்திக்குப் பிறகு ஓர் ஆர்டர் வரும், அல்லது "யோசித்துச் சொல்கிறேன்" வரும். ஒரு நாளைக்கு ஐந்து ஆர்டர் வரை தாங்கும், இருபது வந்தால் யார் பணம் கட்டினார், யாருக்கு அனுப்பினோம் என்பதே குழம்பிவிடும். இன்னொன்று, 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தே ஆறு மணி நேரத்துக்கு நின்றுபோயின. அவற்றை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அன்று கடையும் இல்லை, வாடிக்கையாளரைக் கூப்பிட எண்ணும் கையில் இல்லை. எண்களைத் தனியாக ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிராப்ஷிப்பிங்

ஆர்டர் உங்களுக்கு வரும், சரக்கை எங்கோ இருக்கும் சப்ளையர் நேராக அனுப்புவார், நடுவில் வித்தியாசம் உங்களுக்கு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே சப்ளையரின் அதே பொருளை, அதே படத்தோடு நூறு பேர் விற்கிறார்கள். தரமும் டெலிவரி நாளும் உங்கள் கையில் இல்லை, திட்டு மட்டும் உங்களுக்கு. வாங்கியவர் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால், சப்ளையர் அதைத் தருவார் என்று எந்த உறுதியும் இல்லை. ஒரு பொருளுக்குத் தேவை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க இது உதவும். தொழில் கற்க உதவாது, ஏனென்றால் கொள்முதல், பேக்கிங், ரிட்டர்ன் என்று தொழிலின் கஷ்டமான பகுதி எதையும் நீங்கள் தொடுவதே இல்லை.

காசு கொடுத்துப் பயிற்சி?

எந்த வழியை எடுத்தாலும், அதைக் கற்றுத்தருகிறேன் என்று ஒருவர் விளம்பரத்தில் வந்து நிற்பார். 2018-இல் அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வணிகக் கண்காணிப்பு ஆணையம், அமேசானில் விற்றுப் பெரும்பணம் சம்பாதிக்கலாம் என்று ஆசைகாட்டிப் பயிற்சி விற்ற ஒரு கூட்டத்தின்மேல் வழக்குப் போட்டது. அதுபோன்ற வழக்குகள் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பயிற்சி விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வருமானத்தில் பொருள் விற்று வந்தது எவ்வளவு, பயிற்சி விற்று வந்தது எவ்வளவு?

தளத்தில் லிஸ்டிங், அதாவது பொருளின் விற்பனைப் பக்கம், போடுவது எப்படி என்பதை அந்தந்தத் தளங்களே இலவசமாகச் சொல்லித்தருகின்றன. காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் இரண்டுக்குத்தான் கொடுப்பேன். ஒன்று, பொருளைப் படமெடுக்கக் கற்பது. சந்தைத் தளம், சொந்தக் கடை, இன்ஸ்டாகிராம் மூன்றிலும் முதல் படத்தைப் பார்த்துத்தான் கை நிற்கும். மற்றொன்று, சரக்கு எடுப்பதற்கு முன்பே ஒரு கணக்கரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் நாட்டில் என்ன பதிவு வேண்டும், எந்த வரி எப்போது கட்ட வேண்டும், ரிட்டர்னை எப்படிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வது.