கனமான கறுப்புக் கல்: காந்தமா, ஜாடிக் கோடா, ஆணிக் கீறலா, தண்ணீர் எடையா?

அரூர் பக்கம் கொல்லையில் ஏர் ஓட்டும்போது கைக்கு அடங்காத கனத்தில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தால், அது பெரும்பாலும் நான்கில் ஒன்று. தீர்த்தமலை இரும்புத்தாது, டோலரைட், சார்னகைட் (இவை இரண்டும் கருநிறப் பாறைகள்), இல்லாவிட்டால் பழைய இரும்பு உலைகள் கழித்துப் போட்ட சிட்டம். கிரானைட் வியாபாரத்தில் கறுப்பு கிரானைட் என்று ஓடுவது பெரும்பாலும் டோலரைட்தான். புவியியலில் அது கிரானைட் வகையே இல்லை. நான்கையும் வெயிலில் காயவைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு ஒரே குடும்பம் மாதிரி இருக்கும். வீட்டில் செய்து பார்க்க நான்கு சோதனைகள் உண்டு. நான்கும் ஒரே தரமல்ல.

காந்தம்: எல்லோரும் முதலில் எடுப்பது, அதிகம் ஏமாற்றுவது

தீர்த்தமலைத் தாதுவில் இருப்பது மேக்னடைட், அதாவது காந்தக்கல். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்ஸிஜன் அணு. அந்த மூன்றில் இரண்டு எதிரெதிர்த் திசையில் காந்த இழுப்பு காட்டி ஒன்றையொன்று அடித்துவிடும்; மிச்சமிருக்கும் ஒன்றின் இழுப்புதான் வெளியே தெரிகிறது. இன்னொரு இரும்புத்தாதுவான ஹெமடைட்டில் இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்ஸிஜன். அங்கே அநேகமாக எல்லாமே ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடுவதால் காந்தம் கண்டுகொள்ளாது. 70 சதவீதம் இரும்பு உள்ள கல்லைக் காந்தம் ஒட்டவில்லை என்று வீசியெறிவது இப்படித்தான் நடக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. டோலரைட்டில் சில சதவீதம் மேக்னடைட் துகள் கலந்திருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தத்தை வைத்தால் அதுவும் இழுக்கும். உடனே “இரும்புக் கல்லு” என்று பேச்சு கிளம்பிவிடும். உடைந்த ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கறுப்பு ஃபெரைட் வளையமே இந்த வேலைக்கு ஏற்றது, வலு குறைவு என்பதால். கல்லை அதில் ஒட்டித் தூக்கப் பார்க்க வேண்டாம். காந்தத்தை ஒரு சாண் நூலில் தொங்கவிட்டுக் கல்லின் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். நல்ல தாது என்றால் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே காந்தம் தாவிப் போய் ஒட்டும். டோலரைட் என்றால் தொடும் தூரத்தில் லேசாகச் சாயும், அவ்வளவுதான்.

ஜாடிக் கோடு: ஒரு நிமிட வேலை

கல்லைப் பளபளப்பில்லாத வெள்ளைப் பீங்கானில் உரசி, விழும் தூளின் நிறத்தைப் பார்ப்பது. தனியாகத் தகடு வாங்க வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் அடி விளிம்பில் பூச்சு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அது போதும். டைல்ஸின் பின்பக்கமும் ஆகும். ஆனால் சில சுவர் டைல்ஸுக்கு முதுகே செம்மண் நிறம், அதில் உரசினால் எல்லாக் கல்லும் ஹெமடைட்டாகத் தெரியும்.

மேக்னடைட் கறுப்புக் கோடு போடும். ஹெமடைட் வெளியே எஃகு மாதிரிச் சாம்பலாகப் பளபளத்தாலும் கோடு செங்காவி. தூள் பொடியாகும்போது ஒளி அதை ஊடுருவிச் சிவப்பை மட்டும் வெளியே விடுவதால் இப்படி. டோலரைட்டும் சார்னகைட்டும் வெளிறிய சாம்பல் தூளோடு நின்றுவிடும்.

கெடுவது மூன்று இடங்களில். செம்மண் ஒட்டிய கல்லைக் கழுவாமல் உரசினால் சிவப்புக் கோடு வரும், அது மண்ணின் நிறம். மழையில் துருவேறிய மேல்தோல் மஞ்சள் பழுப்புக் கோடு போடும். சுத்தியலால் ஒரு சில்லு உடைத்து உள்முகத்தில்தான் உரச வேண்டும். மூன்றாவது, தீர்த்தமலைக் கல்லில் கறுப்புப் பட்டையும் வெள்ளைக் குவார்ட்ஸ் பட்டையும் மாறிமாறி வரும். குவார்ட்ஸ், நம் ஊர் வெங்கச்சங்கல், பீங்கானை விடக் கடினம். வெள்ளைத் தூள் வந்தால் அது ஜாடியின் தூள். கறுப்புப் பட்டையைப் பார்த்து உரசுங்கள்.

ஆணிக் கீறல்

கறுப்புக் கல்லுக்கு இது அநேகமாக வீண். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் மேக்னடைட் 5.5 முதல் 6.5, ஹெமடைட் 5 முதல் 6.5, கருநிறப் பாறைகளில் கலந்திருக்கும் ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம் 5 முதல் 6. இரும்பு ஆணி 5-ஐ ஒட்டி நிற்கும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் கீறல் எதைப் பிரித்துக் காட்டும்? வெள்ளைக் கல்லுக்கு மட்டும் நல்ல சோதனை: குவார்ட்ஸ் 7, ஆணி வழுக்கிப் போகும், சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கால்சைட் 3, ஆணி பள்ளம் தோண்டும்.

தண்ணீர் எடை: நம்பிக்கைக்குரியது

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். நிறம், துரு, மண் எதுவும் இதைப் பெரிதாகக் குழப்பாது. தேவைப்படுவது 1 கிராம் நுட்பமுள்ள சமையலறை மின்தராசு, அகலமான பிளாஸ்டிக் டப்பா, மெல்லிய தையல் நூல்.

முதலில் காய்ந்த கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டப்பாவில் கல் முழுதாக மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

780 கிராம் கல், மூழ்கியபின் தராசில் 200 என்றால் அடர்த்தி 3.9. குவார்ட்ஸ் 2.65, சார்னகைட் 2.7-க்குச் சற்று மேல், டோலரைட் சுமார் 3, சுத்த மேக்னடைட் 5.2, ஹெமடைட் 5.3. டோலரைட்டுக்கும் தாதுவுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் இந்தச் சோதனையின் பலம். பட்டைத்தாதுவில் குவார்ட்ஸும் மேக்னடைட்டும் மட்டுமே இருப்பதாக எடுத்துக்கொண்டால் 3.9-லிருந்து தரத்தையும் கணக்கிடலாம். (3.9 − 2.65) ÷ (5.2 − 2.65) = 0.49, கன அளவில் பாதி மேக்னடைட். எடையில் அது 65 சதவீதம். சுத்த மேக்னடைட்டில் இரும்பு 72.4 சதவீதம் என்பதால் கல்லில் இரும்பு சுமார் 47 சதவீதம். ஹார்ன்பிளெண்ட் மாதிரி வேறு கனிமம் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு சரிப்படாது.

தவறுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் இழுக்கும். கல் அடியைத் தொட்டால் தராசு கூடுதலாகக் காட்டும், அடர்த்தி குறைந்துவிடும். காற்றுக் குமிழி ஒட்டினாலும் அப்படியே. கல்லை முதலில் ஒருமுறை நனைத்து விரலால் தேய்த்துவிட்டு இறக்குங்கள். 20 கிராம் சில்லை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதன் கன அளவே 4 அல்லது 5 கிராமாகத்தான் தெரியும், தராசின் 1 கிராம் பிசகே விடையில் 20 சதவீதத்துக்கு மேல் தப்பைக் கொண்டுவந்துவிடும். 200 கிராமுக்குக் கீழே உள்ள கல்லை எடுக்க வேண்டாம்.

சிட்டம் மட்டும் இந்தச் சோதனையில் நழுவும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த அடுக்கின் காலம் கி.மு. 2172 என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. இரும்பு உருக்கிய பழக்கம் உள்ள மண்ணில் உலைக்கழிவு வயலில் கிடப்பதில் ஆச்சரியமில்லை. உள்ளே குமிழ் ஓட்டைகள் இருப்பதால் அதன் அடர்த்தி ஒரு துண்டுக்கு ஒன்றாக மாறும். சிக்கிய இரும்புத் துளிகளால் காந்தமும் லேசாக ஒட்டும். உடைத்துப் பார்த்தால் கதை முடிந்தது: ஓட்டைகள், வெல்லப்பாகு வழிந்து உறைந்த மாதிரி மேல்பரப்பு. “விண்கல் கிடைத்தது” என்று வருவதில் பல இதுதான்.

தண்ணீர் எடை தோற்கும் இடம்

அரூர்–ஊத்தங்கரைப் பகுதியில் குவார்ட்ஸ் பாளங்களில் மாலிப்டினம் உலோகத்தின் தாதுவான மாலிப்டினைட் இருப்பது புவியியல் ஆய்வுகளில் பதிவான செய்தி. ஈயச் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறலாம், கையில் மை ஒட்டும். கிராஃபைட்டும் அச்சு அசலாக இதே மாதிரிதான். அடர்த்தி 4.7-க்கும் 2.2-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஆனால் செதில் நெல்மணி அளவே இருக்கையில் எதை எடை போடுவது? இங்கே ஜாடியின் அடி வளையத்தை விட்டுவிட்டு அதன் பளபளப்பான வெள்ளைப் பக்கத்தில் தேயுங்கள். மாலிப்டினைட்டின் கோட்டில் பச்சைச் சாயல் தெரியும், கிராஃபைட் வெறும் கறுப்பு. மென்மைக்குக் காரணம் இரண்டுக்கும் ஒன்றே: அணுக்கள் அப்பளக் கட்டு போல அடுக்கடுக்காக இருக்கும், ஒரே அடுக்குக்குள் பிணைப்பு இறுக்கம், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே தளர்ச்சி.

நகைக்கடைக் கருவியும் ஆய்வகமும்

கேரட் பார்க்கும் எக்ஸ்ரே கருவியில் கல்லை வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அது தங்கக் கலவைக்கு அளவு திருத்தப்பட்டது; கல்லுக்கு அது காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது. கல்லுக்கென்றே அளவு திருத்திய கருவியும் தனிமங்களைத்தான் எண்ணும். இரும்பு இருக்கிறது என்று சொல்லும்; அது மேக்னடைட்டா ஹெமடைட்டா என்று சொல்லாது, ஏனென்றால் ஆக்ஸிஜன் அதன் கண்ணுக்குப் படாது. அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைப் படிக்கும் எக்ஸ்ரே விளிம்பு விலகல் சோதனைதான் கனிமத்தின் பெயரைச் சொல்லும். அதற்கு மாதிரி அனுப்பும்போது வயலில் அழகான ஒரே கல்லைப் பொறுக்காமல், நான்கைந்து இடத்திலிருந்து கைப்பிடி அளவுத் துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, எடுத்த இடத்தை உள்ளே பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.