‘நிறமே அப்படித்தான்’ என்று விற்ற கோரை

எங்கள் தோட்டத்து மரத்தடியில் புல் நிற்கவே மாட்டேன் என்கிறது. நிழல் தாங்கும் அலங்காரக் கோரை, அதாவது கேரெக்ஸ், வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனேன். நான் கேட்டது எவர்கோல்ட் ரகம். இலை நடுவில் வெளிர்மஞ்சள் கோடு, இரண்டு ஓரமும் பச்சை. அரைநிழலில் நன்றாக வரும் ஜப்பான் செடி.

"அது தீர்ந்துபோச்சு சார், இது அதைவிட நல்லது" என்று நர்சரிக்காரர் ஆறு தொட்டிகளைக் காட்டினார். எல்லாம் பழுப்பு. காய்ந்த மாதிரி இருக்கே என்றேன். "நிறமே அப்படித்தான். நியூசிலாந்து ரகம்."

இதில் பாதி உண்மை என்பதுதான் வினை. கேரெக்ஸ் புக்கனானி போன்ற நியூசிலாந்துக் கோரைகள் உயிரோடு இருக்கும்போதே செம்புப் பழுப்பாகத்தான் இருக்கும். படம் தேடிப் பார்த்தேன், அச்சு அசல் என் தொட்டிகள்! (அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், மரத்தடி நிழலுக்கு ஏற்றவை அல்ல என்பதை அன்றைக்கே படித்திருக்கலாம்.)

மூன்றாவது வாரம் பச்சைத் துளிர் வந்தது. தண்டை விரலில் உருட்டிப் பார்த்தேன், மூன்று விளிம்பு. கோரையேதான் என்று சந்தோஷமாக அவருக்குப் படம் அனுப்பினேன். "பாத்தீங்களா!" என்றார்.

ஆறாவது வாரம் சந்தேகம் வந்து பழுப்புக் கொத்தைப் பிடித்து இழுத்தேன். டோப்பா மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் கருத்து அழுகிய தூர், வேர் என்று ஒன்றுமே இல்லை. பச்சைத் துளிரைத் தோண்டினால், மெல்லிய நரம்பில் கோத்ததுபோல் வரிசையாகக் கரிய கிழங்குகள். கோரைக்கிழங்கு! அந்தக் களையும் கோரைக் குடும்பம்தான், அதற்கும் தண்டு முக்கோணம்தான். செத்த செடிக்கு ஊற்றிய தண்ணீரில் களை வளர்த்திருக்கிறேன்.

பழுப்பு ரகம் வாங்குபவர்கள் ஓர் இலையை விரலில் சுற்றிப் பாருங்கள். உயிருள்ளது வளையும், செத்தது பெரும்பாலும் நொறுங்கும். தூரை அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். அப்புறம், கூச்சப்படாமல் தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேர் மண்ணைப் பிடித்திருக்கிறதா, கரிய உருண்டைகள் ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

தரையோடு வெட்டிவிட்டால் புதிதாக வரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். எவர்கோல்ட் போன்ற பசுமை மாறாக் கோரைகளிடம் அதைச் செய்துவிடாதீர்கள். காய்ந்த இலைகளை மட்டும் விரலால் கோதி எடுத்தால் போதும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "நீங்க தண்ணி அதிகமா விட்டுட்டீங்க" என்றார். காசு வரவில்லை. வேறு இடத்தில் வாங்கிய எவர்கோல்ட் இப்போது நன்றாக இருக்கிறது. கோரைக்கிழங்கு நிழலில் மெலிந்துதான் வருகிறது, ஆனால் ஒரு கிழங்கு தப்பினாலும் மறுபடி முளைக்கிறது. இந்த வாரமும் ஏழு பிடுங்கினேன்.