காட்டோரக் காணி: எரிப்பதா, வெட்டுவதா?

மட்டக்களப்பின் உன்னிச்சை, புல்லுமலைப் பக்கம் காட்டோரத்தில் காணி உள்ளவர்களுக்கு வறண்ட கச்சான் காற்று வீசும் ஒவ்வொரு பருவத்திலும் இதே யோசனைதான்: பற்றையைக் கொளுத்துவதா, மெஷின் பிடித்து வெட்டுவதா?

செலவு
எரித்தால்: ஒரு தீப்பெட்டி.
வெட்டினால்: மெஷின் வாடகை, பெற்றோல், ஆள்கூலி. கை கடிக்கும்தான்.

பலன்
எரித்தால்: இலுக்குப் புல் மேலே கருகும், வேர்த்தண்டு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். முதல் மழைக்கே குத்தூசி போலத் தளிர் கிளம்பும்.
வெட்டினால்: அதுவும் முளைக்கும். ஆனால் வெட்டியதை மரங்களின் அடியில் மூடாக்காகப் போடலாம்.

ஆபத்து
இதில்தான் எரிப்பு தோற்கிறது. இலங்கையில் காடு தானாகப் பற்றுவது மிக அரிது. சேனைக்கு (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கை), மாட்டுக்குப் புதுப்புல் வர, வேட்டைக்கு என்று மனிதர் வைப்பதே அநேகம். அது பழைய கதை. மாறியிருப்பது காற்றின் தாகம். வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவி தாங்கும். மழையில்லாத நாட்களில் அந்த ஈரத்தைச் சருகிலிருந்தும் புல்லிலிருந்தும்தான் உறிஞ்சும். மாரியில் ஆளுயரம் வளர்ந்த புல் ஆடி, ஆவணியில் விறகாகிவிடும். கச்சான் பொறியைத் தூக்கினால் வேலி எந்த மூலைக்கு?

சரி, யாருக்கு எது? காட்டை ஒட்டிய காணியென்றால் வெட்டுங்கள். எல்லையோரம் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக ஒரு பட்டியும் விடுங்கள். காட்டுக்கு எட்ட, வயல் நடுவே கிடக்கும் சிறு குவியலென்றால், மழைக்குப் பின், காற்று எழும்பாத விடியலில், தண்ணீரும் ஆளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எரிக்கலாம்.