மெர்லின் ஆப்பைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்

மெர்லின் பேர்ட் ஐடி ஆப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் சொல்வது ஒன்றுதான். பட்டனை அழுத்திவிட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால், கத்துகிற பறவையின் பெயர் திரையில் வந்துவிடும். வருகிறது, நிஜம்தான். முதல் தடவை பார்க்கும்போது யாருக்குமே சிலிர்க்கும். ஆனால் நான் இதை அதிகம் திறப்பது அதற்காக இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு பறவையைப் பற்றித் தெரிந்துகொள்ள, இரண்டு பறவைகளின் குரலை மாற்றி மாற்றிக் கேட்க, அடுத்த வாரம் போகப்போகிற ஊரில் என்னென்ன கண்ணில் படும் என்று பார்க்கத்தான் திறக்கிறேன். படம், ஒலி, வரைபடம் எல்லாம் சேர்ந்த இவ்வளவு பெரிய பறவைக் களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பெயர் கேட்க மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இதை உருவாக்கியது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கார்னெல் பறவையியல் ஆய்வகம். 2014-இல் வட அமெரிக்கப் பறவைகளை மட்டும் வைத்து ஆரம்பித்தார்கள், அப்புறம் ஒவ்வொரு நாடாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். ஒலியை வைத்து அடையாளம் காட்டும் வசதி 2021-இல்தான் வந்தது. ஆப்புக்குப் பின்னால் இரண்டு பெரிய சேமிப்புகள் இருக்கின்றன. ஒன்று இ-பேர்டு, உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் எங்கே, எந்தத் தேதியில், எதைப் பார்த்தோம் என்று ஏற்றிக்கொண்டிருக்கும் பட்டியல்கள், 2002-இல் தொடங்கியது. இன்னொன்று மெக்காலே நூலகம். படங்களும் ஒலிப்பதிவுகளும் அங்கிருந்துதான் வருகின்றன. நம் தோட்டத்தில் கூட்டமாக வந்து இலைகளைப் புரட்டிப் போட்டுக் கத்துகிற தவிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாண்டி வேறெங்கும் கிடையாது. அதன் படமும் குரலும் இங்கே யாரோ ஒருவர் வெயிலில் நின்று எடுத்து அனுப்பியதாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயர் போட்டிருப்பதால் எனக்கு இந்த ஆப்பின் மேல் கூடுதலாக ஒரு மரியாதை.

சரி, களஞ்சியம் என்று சொன்னேனே, அந்தப் பகுதிக்கு வருகிறேன். பறவைகளைப் பட்டியலாகப் பார்க்கும் இடத்தில் ஊரையும் தேதியையும் கொடுக்கலாம். அந்த ஊரில் அந்தச் சமயத்தில் அதிகம் தென்படும் பறவை மேலே வரும், அபூர்வமானவை கீழே போய்விடும். நான் தாம்பரம் பக்கம் இருப்பதால் எனக்குப் பழக்கமான இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதை வைத்து ஜூலை என்று கொடுத்துப் பாருங்கள், அப்புறம் ஜனவரி என்று மாற்றிப் பாருங்கள். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான்கள் எல்லாம் எங்கிருந்தோ ஏறி மேலே வந்து நிற்கும். வலசை என்று பாடப் புத்தகத்தில் படித்தது கண் முன்னால் வரிசை மாற்றமாக நடப்பதைப் பார்ப்பது பெரிய அனுபவம். புத்தகக் கையேட்டால் இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அதில் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவை அத்தனையும் ஒரே வரிசையில் நிற்கும், புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு எங்கே தேடுவது என்றே தெரியாமல் திணறல் வரும்.

பயணத்துக்கு முன்னால் இது ரொம்பவே உதவும். வால்பாறை போகிறோம் என்றால் முந்தின வாரமே ஊரை வால்பாறை என்று மாற்றிவைத்து, தினமும் ராத்திரி கொஞ்ச நேரம் மேலிருந்து கீழாகப் புரட்டுவேன். இருவாச்சியை யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் சீகார்ப் பூங்குருவி விடியற்காலையில் ஓடைப் பக்கம் மனிதன் விசிலடிப்பது போலவே பாடும், அதை முன்னாலேயே காதில் ஏற்றிக்கொண்டு போனால்தான் அங்கே கேட்டவுடன் யார் என்று தெரியும், இல்லாவிட்டால் எஸ்டேட்டில் யாரோ வேலையாள் விசிலடித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து நடையைக் கட்டிவிடுவோம்.

ஒரு பறவையின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதற்குக் குயிலையே சொல்கிறேன். முதல் படம் ஆண், கன்னங்கரேலென்று சிவப்புக் கண்ணோடு. தள்ளினால் பெண்: பழுப்பு உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாலில் பட்டை. தெரியாதவர் பார்த்தால் வேறு ஏதோ பறவை என்றுதான் சொல்வார். ஒலிப் பகுதியில் நாம் எல்லாரும் அறிந்த அந்த ஏறிக்கொண்டே போகும் கூவல் இருக்கிறது, அது ஆணுடையது. அதோடு கிக்-கிக்-கிக் என்று படபடவென வரும் பெண்ணின் குரலும் இருக்கிறது. சித்திரை மாதத்தில் வேப்ப மரத்திலிருந்து இந்தச் சத்தம் ஓயாமல் வரும், ஆனால் குயிலோடு அதை யாரும் சேர்ப்பதில்லை. ஒருநாள் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். "இதுவாடா குயிலு? நான் இத்தன வருஷமா ஏதோ அணிலு கத்துதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அப்புறம் அவரே போனை வாங்கி மைனா, கரிச்சான், செம்போத்து என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

குரல்களை ஒப்பிடுவதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை. குளிர்காலத்தில் புதருக்குள்ளிருந்து கூழாங்கல் இரண்டைத் தட்டுவது போல டக், டக் என்று ஒரு சத்தம் வரும். பறவை வெளியே வராது, வந்தாலும் பழுப்பு நிறத்தில் சிறிதாக ஒன்று, கண்ணில் ஒட்டாது. இந்த மாதிரி நேரத்தில் பட்டியலில் கதிர்க்குருவி வகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடலை விட்டுவிட்டு அழைப்பொலி என்கிற சின்னக் கூப்பாட்டை மட்டும் போட்டுக் கேட்பேன். வலசை வருகிறவை இங்கே பெரும்பாலும் பாடாது, அழைப்பொலி மட்டும்தான் கொடுக்கும். தையல்சிட்டு இல்லை, அது இதைவிட உரக்க ட்விட் ட்விட் என்று விடாமல் அடிக்கும். பச்சைக் கதிர்க்குருவி இல்லை, அதன் ஒலி இரண்டு அசையாக மேலிருந்து வரும். மிச்சம் இருந்தது பிளைத் நாணல் கதிர்க்குருவி, கேட்டால் அச்சு அசல் அதுவே. இப்படிக் கழித்துக் கழித்துக் கண்டுபிடித்த குரல் மறப்பதே இல்லை. பட்டனை அழுத்தித் தெரிந்துகொண்ட பெயர்களில் பாதி மறுநாளே மறந்துவிடுகிறது.

அந்தப் பட்டனையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒலியை அது முதலில் படமாக மாற்றுகிறது, நேரம் இடமிருந்து வலமாக ஓடும், சுருதி உயர உயரக் கோடு மேலே போகும். அந்தப் படத்தை வைத்துத்தான் எந்தப் பறவை என்று கணிக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல் அந்தக் கோடுகளையும் பாருங்கள் என்று சொல்வேன். செம்மார்புக் குக்குறுவான் டொக் டொக் என்று தட்டும்போது திரையின் அடிப்பகுதியில் ஒரே இடைவெளியில் சின்னச் சின்னத் தீற்றல்கள் வரிசையாக வரும். குயிலின் கூவல் வளைந்து மேலே ஏறும். கொஞ்ச நாளில் பெயர் வருவதற்கு முன்னாலேயே கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இன்டர்நெட் இல்லாத காட்டிலும் இது வேலை செய்யும், பதிவும் போனிலேயே இருக்கும், வீட்டுக்கு வந்து திரும்பக் கேட்கலாம்.

ஆனால் திரையில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பறவை அங்கே இருந்தது என்று எழுதிவைக்கக் கூடாது. கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே எடுத்துவிடும். துடுப்புவால் கரிச்சான் காட்டில் இருக்கிற பாதிப் பறவைகளின் குரலைப் பேசும். காற்று, வண்டிச் சத்தம், நம் செருப்புச் சத்தம், கூட வந்தவர் பேச்சு எல்லாமே கணிப்பைக் குழப்பும். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வந்தால் அந்த இடத்துக்கும் காலத்துக்கும் அது அபூர்வம் என்று அர்த்தம். அந்த நேரத்தில் சந்தோஷப்படுவதைவிட பைனாகுலரை எடுப்பது நல்லது. அந்தப் பறவையின் பக்கத்துக்குப் போய்ப் படத்தையும் குரலையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நான் குறித்துக்கொள்வேன்.

கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது: எங்கே, எப்போது, என்ன அளவு, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. அளவுக்குக் குருவி, ராபின், காகம், பெரிய வாத்து (கூஸ்) என்று ஏறுவரிசை. ராபின் என்று அவர்கள் சொல்வது அமெரிக்க ராபினை. அந்த இடத்தில் மைனாவை வைத்துக்கொள்ளுங்கள், அளவு சரியாக இருக்கும். வேலியிலோ கம்பியிலோ உட்கார்ந்திருந்தது என்ற பதில் நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம், இ.பி. கம்பியில்தானே பனங்காடையும் கரிச்சானும் மீன்கொத்தியும் பாதி நாள் உட்கார்ந்திருக்கின்றன. படத்தை வைத்தும் கேட்கலாம். கேமராவின் பின்பக்கத் திரையைப் போனில் படம் எடுத்துக் கொடுத்தால்கூடப் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது.

குறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பறவைக்கும் எழுத்து வடிவில் இருப்பது சில வரிகள்தான். அடையாளம், எந்த மாதிரி இடத்தில் இருக்கும், குரல் எப்படி, அத்தோடு முடிந்தது. கூடு எப்படிக் கட்டும், எத்தனை முட்டை, என்ன சாப்பிடும் என்று தேடினால் ஏமாற்றம்தான், அதற்கு வேறு இடம் போக வேண்டும். தூக்கணாங்குருவிக்கு இரண்டு வரி போதும் என்று யாரால் சொல்ல முடியும்? படங்கள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகும் தெரிகிற மாதிரி எடுத்தவை. வயல் வரப்பில் நாம் பார்ப்பது காலை வெயிலுக்கு எதிரே கறுப்பாகத் தெரியும் ஒரு உருவம், அந்தப் பார்வைக்கு இந்தப் படங்கள் உதவாது. ஆங்கிலப் பெயர்களை வைத்துத்தான் நான் பார்க்கிறேன், தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கையேடு எப்போதும் இருக்கும். அப்புறம், நம் பகுதிப் பறவைகளுக்காக ஆப்புக்குள் இறக்க வேண்டிய தொகுப்பு (பேக்) பெரியது. வைஃபையில் இறக்குங்கள், போனில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பைச் சேராத, அதைப் பயன்படுத்துகிறவர்களைச் சேர்ந்த ஒரு விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு தெளிவான குரல்கள் கையில் இருப்பதால், காட்டில் நின்று சத்தமாகப் போட்டுப் பறவையை வெளியே வரவைக்கிறார்கள். ஒரு மலைப் பகுதியில் வழிகாட்டி ஒருவர் புளூடூத் ஸ்பீக்கரையே கொண்டு வந்திருந்தார், படம் எடுக்க வந்தவர்களுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பறவைக்கு அது தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்ட செய்தி. இரை தேடுவதை விட்டுவிட்டு, கூட்டில் குஞ்சு இருந்தால் அதையும் விட்டுவிட்டு விரட்டப் பறந்து வரும், வந்து பார்த்தால் எதிரி இருக்க மாட்டான், மறுபடியும் குரல் கேட்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், யாராவது செய்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குரலை வீட்டில் கேளுங்கள், காட்டில் கேட்க வேண்டியிருந்தால் இயர்போனில் கேளுங்கள்.

புதிதாக இறக்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் நாளே அபூர்வப் பறவைகளைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊரைக் கொடுத்து, பட்டியலில் மேலே வரும் பத்துப் பதினைந்து பறவைகளின் பக்கங்களை மட்டும் திறந்து, இருக்கிற குரல் எல்லாவற்றையும் கேளுங்கள். காகத்திலேயே வீட்டுக் காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் குரல் வேறு வேறு, கேட்டால் உடனே பிடிபடும். பார்த்ததை ஆப்பிலேயே சேமித்து வையுங்கள், அதற்கு ஒரு கணக்கு தொடங்க வேண்டும், இலவசம்தான். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்றால்கூடப் போதும். கார்த்திகையிலேயே இந்தப் பட்டியலைக் கேட்க ஆரம்பித்தால் அதற்குள் காது தயாராகிவிடும்.