அணு வளாகமா, ஆஸ்பத்திரியா? கதிர்வீச்சுப் பாதுகாப்பு பழகும் பிள்ளைகளுக்கு

கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை பழக அணு வளாகம் நல்லதா, ஆஸ்பத்திரி நல்லதா? ஏ.எல்.லில் பௌதிகவியல் எடுத்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்கிறார்கள். இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. அணு வளாகத்தில் பயிலுநராக வேண்டுமென்றால் பிரித்தானியா போன்ற வெளிநாடுதான். கதிர்வீச்சோடு இங்கேயே வேலை என்றால் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு போன்ற இடங்கள்.

அணு வளாகத்தில் பெரிய கவலை, ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் தூசு. வட்டக் கடதாசியால் மேசையைத் துடைத்து, கதிர்வீச்சை எண்ணும் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். அந்தத் தூசிலிருந்து வரக்கூடிய அல்பாக் கதிரை ஒரு தாளே தடுத்துவிடும்; ஆகவே கருவியைப் பரப்புக்கு மிகக் கிட்டப் பிடித்து, மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரக்கைக்கு இந்த வேலை சரிவராது. வெளியே வரும்போது கையும் காலும் சோதித்த பிறகுதான் வழி.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஆளியை அணைத்தால் கதிரும் நின்றுவிடும், எதுவும் ஒட்டாது. அங்கே ஈயக் கவசத்தை மடித்து வைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மடித்தால் உள்ளே வெடிப்பு விழும். அப்புறம், கவசம் போடாமல் நிற்கும் பெரிய டொக்டரிடம் மரியாதையாகச் சொல்லும் துணிவும் வேண்டும்.

ஊழியர் உடல் வாங்கும் கதிர்வீச்சுக்கான சர்வதேச வரம்பு இரண்டிலும் ஒன்றே: ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட் (அந்தக் கதிர்வீச்சை அளக்கும் அலகு).

அளவீட்டை ஆழமாகப் பழக வளாகமே நல்லது. வீட்டை விட்டுப் போக முடியாத பிள்ளை தயங்காமல் ஆஸ்பத்திரியில் தொடங்கலாம்.