51-ஆம் எண் ஜெர்சி: துணிக்குக் குறை சொல்ல மாட்டேன், கழுத்துக்குச் சொல்வேன்

அமெரிக்கக் கால்பந்து அணியான கரோலினா பாந்தர்ஸின் கருப்பு ஜெர்சி ஒன்றைக் கடந்த மாதம் இணையத்தில் வாங்கினேன். முதுகில் மில்ஸ் என்ற பெயர், அதன் கீழே 51. விலை 130 டாலர். 1996-இல் அந்த அணியின் ஆட்டக்காரர் சாம் மில்ஸ் அணிந்த சட்டையை அச்சு அசலாகத் தைத்தது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

நான் தையற்காரரின் மகன். புதுச் சட்டை வந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் முதலில் பார்ப்பேன். துணி நல்ல கனம், விலாப் பக்கம் வலைத்துணி, தோள் மூட்டில் இரட்டைத் தையல். எண்களை இஸ்திரி போட்டு ஒட்டாமல், தனித் துணியில் வெட்டி ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை துவைத்தாயிற்று, சாயம் போகவில்லை. 5-இன் மேல்மூலையில் மட்டும் ஒரு பிசிறு. அதைக் கத்தரித்தால் முடிந்தது. இதுவரை கொடுத்த காசுக்கு மோசமில்லை.

கழுத்துப்பட்டியின் உள்பக்கம்தான் என்னைக் கடுப்பேற்றியது. அங்கே 'கீப் பவுண்டிங்' என்று நூலால் பின்னியிருக்கிறார்கள். விடாமல் அடித்துக்கொண்டே இரு என்று பொருள். இன்றைக்கு அந்த அணியின் தாரக மந்திரமே அதுதான். ஆனால் 1996-இல் அந்த வாசகம் எந்தச் சட்டையிலும் கிடையாது. இருக்கவும் முடியாது.

மில்ஸ் லைன்பேக்கர். தடுப்பாட்டக்காரர்களின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று நொடியில் படித்துப் பாய்ந்து மடக்குகிறவர். ஆறடிக்கு மேற்பட்டவர்களுக்கான வேலை என்பார்கள். இவர் உயரம் 5 அடி 9 அங்குலம். 1981-இல் எந்த அணியும் இவரைத் தேர்வு செய்யவில்லை. சேர்த்துக்கொண்ட கிளீவ்லேண்ட் பிரவுன்ஸும் கழற்றிவிட்டது, கனடாவில் டொராண்டோ அணியும் அனுப்பிவிட்டது. நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியில் புகைப்படக்கலை கற்றுக்கொடுத்தார். 1983-இல் யுஎஸ்எஃப்எல் என்ற புதிய லீக் தொடங்கியபோது பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணியில் இடம் கிடைத்தது, இரண்டு பட்டங்களும் கிடைத்தன. அங்கே பயிற்சியாளராக இருந்த ஜிம் மோரா 1986-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்குப் போகையில் இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அணியின் நான்கு லைன்பேக்கர்களும் 1992 பருவத்துக்குப் புரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானது தனிக் கதை.

1995-இல் பாந்தர்ஸ் அணி பிறந்தபோது இவருக்கு வயது 36. அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியில் பந்தை எறிகிற ஆட்டக்காரரான குவாட்டர்பேக் பக்கத்தில் தள்ளிவிட்ட குட்டைப் பாஸை நடுவில் பறித்து 36 கெஜம் ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்தார். அந்த அணியின் முதல் வெற்றி அன்றுதான். மறு பருவத்தில், அதாவது நான் வாங்கிய சட்டையின் 1996 பருவத்தில், டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் என்ற வெளியேற்றச் சுற்று ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலும் பந்தைப் பறித்தார்.

1997-உடன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதே அணியில் பயிற்சியாளர் ஆனார், பிறகு லைன்பேக்கர்களுக்கே பொறுப்பாளர். 2003 ஆகஸ்டில் குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ சிகிச்சைக்கு நடுவிலும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். 2004 ஜனவரியில் மறுபடியும் டல்லாஸுடன் பிளே-ஆஃப். அந்த ஆட்டத்துக்கு முன்பு வீரர்களிடம் பேசியபோதுதான், விட்டுவிடலாம் அல்லது அடித்துக்கொண்டே இருக்கலாம் என்ற இரண்டு வழிகள் தன்முன் இருந்ததாகச் சொன்னார். அணி 29-10 என்று வென்று இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்வரை போனது. 2005 ஏப்ரலில் மில்ஸ் இறந்தார், வயது 45. அந்த ஆண்டே 51-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அதற்கு ஓய்வு கொடுத்தது. அந்த வாசகம் கழுத்துப்பட்டிக்குள் ஏறியது 2012-இல்தான்.

ஆக, பயிற்சியாளர் நோயோடு சொன்னதை எடுத்து, அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓடிக்கொண்டிருந்த ஆட்டக்காரரின் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். கடைக்கு எழுதிக் கேட்டேன். வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள் என்று பதில் வந்தது. விரும்பட்டும், அச்சு அசல் என்று போடாமலாவது இருக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அளவை ஒரு படி குறைத்து வாங்குங்கள். என் உயரமும் 5 அடி 9 அங்குலம்தான். நடுத்தர அளவே தொடைவரை தொங்குகிறது, மில்ஸ் போட்டிருந்தாலும் தொங்கியிருக்கும். வீட்டு மெஷினில் மூன்று அங்குலம் மடித்துத் தைத்துக்கொண்டேன். கழுத்து வாசகத்தையும் பிரித்துவிடலாம் என்று ஊசியைக் கையில் எடுத்தேன். நெருக்கமான பின்னல், நூலை இழுத்தால் துணியும் சேர்ந்து வருகிறது. ஊசியை வைத்துவிட்டேன்.